இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நான் நலம். குளிர் மட்டும் கொஞ்சம் அதிகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது.

போன மாதம் நீ அனுப்பிய சீட்டு வந்தது, பதிந்துவிட்டேன். இப்போது ஓர் அவசரம். ஆறு வருடமாக எனக்குச் சீட்டு அனுப்புகிறாய், அது இங்கே என்ன ஆகிறது என்று நான் சொன்னதாக நினைவில்லை. ஓர் ஆங்கிலச் சொல் முதன்முதலில் எந்த ஆண்டு எழுதப்பட்டது, அதன் பொருள் எப்போது எப்படி மாறியது என்று காட்டுவதுதான் எங்கள் அகராதி. ஒவ்வொன்றுக்கும் சான்று வேண்டும். சான்று என்பது நீ அனுப்பும் அந்த அட்டைச் சீட்டுதான். மேலே சொல், நடுவில் மேற்கோள், கீழே ஆவணத்தின் ஆண்டும் கட்டு எண்ணும், மூலையில் சீட்டு அனுப்புகிறவருக்கு நாங்கள் தந்த வாசகர் எண். கையால் எழுதித் தபாலில்தான் வர வேண்டும் என்பது விதி. வந்ததைச் சொல் வரிசைப்படி இழுப்பறையில் அடுக்கிவிடுவோம். உன் வாசகர் எண்ணில் இதுவரை இருநூற்றுப் பத்துச் சீட்டுகள் இருக்கின்றன.

என்னுடையது பிறமொழிச் சொற்கள் பிரிவு. கப்பலேறிப் போன இடமெல்லாம் ஆங்கிலம் பொறுக்கிக்கொண்டு வந்த சொற்களைப் பார்ப்பது. அந்தப் பிரிவில் நான் ஒருவன்தான். ஜூலையில் தலைமைப் பதிப்பாசிரியர் பிரிவுகளைக் குறைக்கப்போகிறார். அதற்குள் பழைய பதிப்பின் தேதியை முந்தும் சான்று ஒன்றாவது பெரிதாகக் காட்டினால் பிரிவு பிழைக்கும். இல்லாவிட்டால் நானும் சேர்ந்து போவேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த வேலையைத் தவிர வேறொன்றும் தெரியாது.

நம் சுருட்டு ஆங்கிலத்தில் போய் 'செரூட்' ஆனது உனக்குத் தெரியும். அதற்கு 1670க்கு முந்தைய சான்று கிடைக்குமா? உங்கள் துறைமுக ஆவண அறையில் அந்தக் காலத்துக் கப்பல் குறிப்புகள் நிறைய இருப்பதாக நீதான் ஒருமுறை எழுதியிருந்தாய். பார்த்து உடனே எழுது.

அன்புடன்,
தம்பி

ஜனவரி 29

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது என்னோடு சண்டை போடும், இறங்கும்போது சமாதானமாகிவிடும்.

ஆறு வருடம் கழித்தாவது துரை தன் வேலை என்னவென்று வாய் திறந்தாரே, அதுவே பெரிது. கீழே கடை வைத்திருக்கும் தையல்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். "வார்த்தைக்கெல்லாம் பொறந்த தேதி எழுதுறாங்களா? அப்ப செத்த தேதியும் எழுதுவாங்களா?" என்று கேட்டார். அளவு நாடா கழுத்தில் தொங்க, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். நீ எழுது, சொல்கிறேன்.

இத்துடன் 'கோடவுன்' என்ற சொல்லுக்கு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். இதைக் கண்டெடுத்த கதை வேடிக்கை. வடக்குச் சுவர் அலமாரியில் மூன்றாம் தட்டு, பின்வரிசைக் கட்டு. நாடாவை அவிழ்த்தால் பாதித் தாள் பூச்சி அரித்துச் சல்லடையாக இருந்தது. பழைய தாள்களை ஒட்டித் தைக்கும் நம் கோந்து இருக்கிறானே, அவன் எட்டிப் பார்த்து, "பூச்சி படிச்சுட்டு மிச்சம் வெச்சதத்தான் நீங்க படிக்கிறீங்கக்கா" என்றான். மிச்சம் வைத்த இடத்தில்தான் இந்த வரி இருந்தது. சரக்கை இறக்கி கோடவுனில் வைத்துப் பூட்டியதாக ஒரு கணக்கப்பிள்ளை எழுதுகிறான். கூடவே பூட்டு சரியில்லை என்று ஒரு புலம்பல்.

சுருட்டைப் பற்றித் தேடுகிறேன். அவசரப்படுத்தாதே. வேளைக்குச் சாப்பிடு. உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

பாசத்துடன்,
அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

'கோடவுன்' சீட்டு கிடைத்தது. நம் 'கிடங்கு' கடல் தாண்டிப் போய், மலாய்க்காரர்கள் வாயிலும் போர்த்துக்கீசியர் வாயிலும் புரண்டு, ஆங்கிலத்தில் கோடவுனாகி நமக்கே திரும்பி வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். மலாய்ச் சொல்தான் மூலம் என்று வேறு சிலர். இந்த வழக்கு முடியவில்லை. ஆண்டு நல்ல ஆண்டு, ஆனால் பழைய தேதியை முந்தவில்லை.

தையல்காரருக்கு: சாவுத் தேதியும் எழுதுவோம். ஆனால் பல சொற்கள் சாகாமல் ஆள்மாறாட்டம் செய்துகொள்ளும். 'நைஸ்' என்றால் ஒரு காலத்தில் முட்டாள் என்று பொருள். 'கேர்ள்' என்றால் பையனோ பெண்ணோ, எந்தக் குழந்தையும்.

சுருட்டுதான் முக்கியம். ஜூலை நெருங்குகிறது. கட்டு எண் இல்லாமல் எதையும் அனுப்பாதே.

அன்புடன்,
தம்பி

மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

சுகம்தான். இரண்டு நாள் மழை பிடித்துக்கொண்டது, துணி எதுவும் காயவில்லை. தையல்காரர் தன் கடைக்குள்ளேயே குறுக்காகக் கயிறு கட்டிக் கொடுத்தார். ஊரார் சட்டைகளுக்கு நடுவில் என் புடவையும் தொங்குகிறது. நைஸுக்கு முட்டாள் என்று அர்த்தம் என்றதைக் கேட்டதிலிருந்து, துணி நைஸாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

சீட்டு உள்ளே இருக்கிறது. 1664. கப்பலில் எழுத்தராக இருந்த ஒருவனின் நாட்குறிப்பு. நீ ஆங்கிலத்தில் படித்துக்கொள்வாய், இருந்தாலும் என் தமிழில்: "காற்றுக்காகக் காத்திருப்பது இன்றோடு பதினோராம் நாள். ஆட்களுக்குப் போர் அடித்துவிட்டது. கரையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கிறார்கள். எனக்குக் கடிதம் எழுதவும் யாரும் இல்லை."

கட்டு எண் எழுதியிருக்கிறேன். இது போதுமா?

பாசத்துடன்,
அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், இந்த வாரம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நலம்.

உன் சீட்டு இங்கே ஒரு கலக்குக் கலக்கிவிட்டது. எங்கள் தலைமைப் பதிப்பாசிரியருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் முற்றுப்புள்ளி. அந்த அம்மாள் எந்தப் பேச்சையும் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். அவரே என் அறைக்கு வந்து, நின்றபடி சீட்டை இரண்டு முறை படித்து, "நல்லா இருக்கு. பிரிவு இருக்கும்" என்றார். நான்கு வார்த்தை. பதினேழு வருடத்தில் என்னிடம் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

சீட்டு இப்போது எல்லாப் பிரிவுக்கும் சுற்றுக்குப் போயிருக்கிறது. ஒரு சொல்லுக்காக வந்த மேற்கோளில் மற்றச் சொற்களும் இருக்குமல்லவா, அவற்றை அந்தந்த எழுத்தில் தொடங்கும் சொற்களுக்குப் பொறுப்பானவர்கள் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். அதுதான் எங்கள் முறை. அது முடிந்ததும் அச்சுக்குப் போகும்.

இதே நாட்குறிப்பில் வேறு சொற்களும் கிடைக்கலாம். தொடர்ந்து பார்.

அன்புடன்,
தம்பி

ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாம் பழையபடி. வெயில் ஏறிவிட்டது. மாடியில் மதியம் மூன்று மணிக்குத் தரை அடுப்பு மாதிரி சுடுகிறது.

உன் பிரிவு பிழைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தையல்காரர் பயந்துபோய், "என்னாச்சும்மா, ஏதும் கெட்ட சேதியா?" என்றார். நல்ல சேதி என்றேன். நம்பவில்லை.

அந்தச் சீட்டை ரொம்பப் பெரிதுபடுத்த வேண்டாம், தம்பி. ஒரு வரிதானே. சுற்றுக்கெல்லாம் விடவேண்டுமா? உன் வேலை நிலைத்துவிட்டது, அத்தோடு போகட்டும்.

அந்த நாட்குறிப்பில் வேறு எதுவும் இல்லை. இனி கொஞ்ச நாள் சீட்டு வராது. சீட்டு இல்லாவிட்டாலும் எழுதுவாய்தானே?

பாசத்துடன்,
அக்கா

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வெயிலில் அலையாதே.

நேற்று பி எழுத்தைப் பார்க்கும் பெண்மணி என் அறைக்குள் ஓடிவந்தார். ஐம்பது வயதுக்காரர், ஓடி நான் பார்த்ததில்லை. "ஒரே சீட்டுல ரெண்டு புதையல்! உங்கக்காவுக்குச் சிலை வைக்கணும்" என்றார். சுருட்டுக்காக வந்த உன் சீட்டில் 'போர்' என்ற ஆங்கிலச் சொல்லும் இருக்கிறது. சலிப்பு என்ற பொருளில் அந்தச் சொல் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுவது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். உன் கப்பல் எழுத்தனோ அதற்கு நூறு வருடம் முன்பே அதைச் சொல்லிவிட்டான். முழு அலுவலகமும் கொண்டாடிக்கொண்டிருக்கிறது.

என்னால் கூடச் சிரிக்க முடியவில்லை. ஒரு சொல் பத்து வருடம் முன்னால் போகும், இருபது வருடம் போகும். நூறு வருடம் ஒருவன் கையில் மட்டும் இருந்துவிட்டு வேறு எவன் பேனாவிலும் படாமல் காணாமல் போயிருக்காது. அந்தக் காலத்துக் கப்பல்காரன் களைத்திருப்பான், வெறுத்திருப்பான், சோர்ந்திருப்பான். அவனுக்குப் போர் அடித்திருக்க வழியில்லை. நாம் 'போர் அடிக்குது' என்று சொல்லியே வளர்ந்தவர்கள், நமக்கு அது தமிழ்ச் சொல் மாதிரியே ஆகிவிட்டது. அதனால் கண்ணில் படாமல் போகலாம். எனக்கும் முதலில் படவில்லை.

முற்றுப்புள்ளி அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் அச்சு. நீ வாசித்ததில் ஒரு சொல் பிசகியிருந்தால் பரவாயில்லை, பக்கம் இருந்தால் போதும். உடனே நகல் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
தம்பி

ஜூன் 2

அக்கா,

நீ நலமாக இருக்கிறாயா? மூன்று வாரமாகப் பதில் இல்லை.

பொறுக்க முடியாமல் உன் ஆவண அறைக்கே நேரடியாக எழுதினேன். அலுவலகத் தாளில் தட்டச்சு செய்த நான்கு வரிப் பதில் நேற்று வந்தது. கட்டுகள் அனைத்தும் மைக்ரோஃபிலிம் படச்சுருளில் பதிவதற்காக இரண்டு வருடத்துக்கு முன்பே வெளியே அனுப்பப்பட்டன, வைத்திருந்த இடத்தில் தண்ணீர் புகுந்து பெரும்பகுதி அழிந்துவிட்டது, ஆவண அறை இப்போது இயங்கவில்லை என்கிறார்கள்.

இந்த இரண்டு வருடத்தில் உன்னிடமிருந்து எழுபதுக்கும் மேல் சீட்டுகள் வந்திருக்கின்றன.

எத்தனை?

தம்பி

ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீ எப்படி இருப்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

அந்தக் கப்பல் எழுத்தன் நான்தான். அப்படி ஒரு நாட்குறிப்பே கிடையாது. அவன் எழுதியது முழுக்க என் மேஜையில் உட்கார்ந்து நான் எழுதியது.

கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோந்துவை வேறு ஊருக்கு மாற்றினார்கள். என்னைக் கீழ்த்தளத்தில் வருகிற தபாலுக்கு முத்திரை குத்தும் மேஜையில் உட்கார வைத்தார்கள். ஒரு நாளைக்கு இருபது தபால் வரும். பத்தரைக்குள் குத்தி முடித்துவிடுவேன். அப்புறம் ஐந்து மணிவரை எதிர்ச்சுவர்தான். சுவரில் ஒரு காலண்டர் ஆணி இருக்கிறது, காலண்டர் இல்லை.

இதையெல்லாம் உனக்கு அப்போதே எழுதினேன். ஒன்றல்ல, மூன்று கடிதம். வண்டி வந்த நாள், கோந்து அழுதது, புது மேஜை, எல்லாம் இருந்தது. சீட்டுதான் இல்லை. மூன்றுக்கும் உன்னிடமிருந்து பதில் வரவில்லை. நீ படித்திருந்தால் இன்றைக்கு இந்த விஷயம் உனக்குப் புதிதாக இருந்திருக்காது. ஐந்து மாதம் காத்திருந்தேன். நான்காவது கடிதத்தில் ஒரு சீட்டு வைத்தேன். பன்னிரண்டாம் நாள் பதில் வந்துவிட்டது.

இருபத்தாறு வருடம் அந்தக் கணக்கப்பிள்ளைகளோடும் எழுத்தர்களோடும் குடித்தனம் நடத்தியவள் நான். அவர்கள் எதற்குப் புலம்புவார்கள், எங்கே பெரிய எழுத்துப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். எழுத உட்கார்ந்தால் தானாக வந்தது. முதல் சீட்டை நான்கு முறை கிழித்துப் போட்டுத்தான் எழுதினேன். பத்தாவதை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன், அதுதான் எனக்கு அவமானம். எல்லாமே பொய்யும் இல்லை. பழைய நோட்டில் நான் குறித்து வைத்திருந்த நிஜ மேற்கோள்களும் இருந்தன. அவற்றையும் நடுநடுவே அனுப்பினேன், சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று.

எனக்கு உன்னை விட்டால் யாரும் இல்லை, தம்பி. உன் கடிதம் என்பது அரைப்பக்கம், அதிலும் முக்கால்வாசி கட்டு எண். அதுவாவது வரட்டும் என்று செய்தேன். இந்த முறை உன் வேலை போய்விடும் என்று வேறு எழுதியிருந்தாய். சுருட்டைக் கொடுத்துவிட்டால் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன். கெடுத்துவிட்டேன். போர் என்ற சொல்லுக்கும் வயது இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த மேஜையில் உட்கார்ந்தவளுக்கு அது ஆதிகாலத்திலிருந்து இருப்பதாகத்தான் தெரியும்.

திட்டு. ஆனால் எழுது.

அக்கா

ஜூலை 7

அக்காவுக்கு,

நலம்.

உன் கடிதத்தை மறைத்து வைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் முற்றுப்புள்ளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, உன் சுருட்டுச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆறு பேர் படிச்சோம். ஒருத்தருக்கும் தோணலை. உங்கக்காவுக்கு இங்க வேலை குடுக்கலாம். உங்களுக்குக் குடுக்கிறதுதான் கஷ்டம்" என்றார். சிரிக்கவில்லை.

அவர் முடிவு இது. ஆகஸ்ட் கடைசிக்குள் உன் சீட்டுகளில் எது உண்மை, எது நீ எழுதியது என்று பிரித்து, பிரித்ததற்கு ஆதாரமும் காட்ட வேண்டும். காட்டினால் பொய்யானவை மட்டும் எடுக்கப்படும், நான் இருப்பேன். முடியாவிட்டால் இருநூற்றுப் பன்னிரண்டும் வெளியே போகும், நானும் போவேன். சீட்டில் ஆவணத்தின் ஆண்டு இருக்கிறதே தவிர, எங்களுக்கு வந்த தேதி இல்லை. பதிவேட்டிலும் வருடத்துக்கு எத்தனை என்ற கணக்கு மட்டும்தான். சொல் வரிசையில் கலந்துவிட்டதால் எது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது.

கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். அதைப் பிறகு பார்க்கலாம். பட்டியல் அனுப்பு.

தம்பி

ஜூலை 22

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து வேறு வேலை பார்க்கவில்லை. சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை.

பட்டியல் போட உட்கார்ந்தேன். எழுபது சீட்டில் பதினைந்துதான் உறுதியாக நினைவுக்கு வருகிறது. மற்றவற்றில் எது நான் படித்தது, எது நான் எழுதியது என்று எனக்கே தெரியவில்லை. அந்த எழுத்தர்கள் எல்லாரும் எனக்குள் ஒரே குரலில் பேசுகிறார்கள். நோட்டைப் பார்க்கலாம் என்றால், அதன் தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்து, பார்த்துச் சீட்டு எழுதியதும் தூக்கிப் போட்டுவிட்டேன்.

ஆனால் நீ பயப்படாதே. வழி இருக்கிறது, நேற்று முத்திரை குத்திக்கொண்டிருக்கும்போது பளிச்சென்று பட்டது. என் கடிதங்களை எடுத்துப் பார். உண்மையான சீட்டை அனுப்பும்போதெல்லாம் அதைக் கண்டெடுத்த கதையையும் எழுதியிருப்பேன். எந்த அலமாரி, எந்தத் தட்டு, தாள் எப்படி இருந்தது, கோந்து என்ன சொன்னான் என்று ஏதாவது இருக்கும். ஜனவரியில் கோடவுனுக்கு எழுதினேனே, அந்த மாதிரி. பொய்ச் சீட்டோடு போன கடிதத்தில் அது இருக்காது. எழுதக் கூச்சமாக இருக்கும். மழை, மாடிப்படி, தையல்காரர், அவ்வளவுதான். ஒவ்வொரு கடிதத்திலும் எந்தச் சொல்லுக்குச் சீட்டு என்றும் எழுதியிருப்பேன், தேதியும் இருக்கும்.

நீ கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் படித்தால் போதும். ஒரு வார விடுமுறையில் முடிந்துவிடும். உன் தலைமை அம்மாவிடமும் அவற்றையே ஆதாரமாகக் காட்டு. யாரும் மறுக்க முடியாது. உன் வேலை போகாது, தம்பி. எனக்கு நேற்றுத்தான் ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

பாசத்துடன்,
அக்கா

செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? உன் முந்தைய கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. பதில் எழுதாததற்குக் காரணம் சொல்கிறேன்.

உன் கடிதங்கள் என்னிடம் இல்லை.

அலுவலக மேஜை, வீட்டு அலமாரி, பரணில் இருந்த பெட்டிகள் எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தேன். இருக்காது என்று தெரிந்தேதான் தேடினேன். உறை வந்ததும் கத்தரியால் ஓரத்தை வெட்டுவேன், சீட்டை எடுத்துப் பதிவேன், கடிதத்தை ஒருமுறை மேலாகப் பார்த்துவிட்டு மேஜைக்கு அடியில் இருக்கும் கூடையில் போடுவேன். அப்படிச் செய்யச் சொல்லி அலுவலக விதி எதுவும் இல்லை. நானாகச் செய்தது. சாயங்காலம் கூடையைக் காலி செய்துவிடுவார்கள். ஆறு வருடம் இப்படித்தான்.

அந்த மூன்று கடிதங்களைப் பற்றியும் யோசித்தேன். வந்தது நினைவிருக்கிறது. உறையைத் தடவிப் பார்த்தேன், உள்ளே அட்டை இல்லை. பிரித்தேனா என்பதுதான் நினைவில்லை.

முற்றுப்புள்ளியிடம் போய் நின்றேன். "கடிதம் எங்க?" என்றார். இல்லை என்றேன். "ஒண்ணு கூடவா?" என்றார். ஒன்றுகூட இல்லை என்றேன். அவர் தன் மேஜைத் தாள்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். உன் கடைசி இரண்டு கடிதங்களையும், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதியதையும் வழி சொல்லி எழுதியதையும், கோப்புக்கு வேண்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

போன வியாழக்கிழமை நானே இழுப்பறைகளைத் திறந்து உன் எண் போட்ட சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். காலையில் தொடங்கி மூன்று மணி ஆயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டும் சரியாக இருந்தன, ஒன்றுகூடத் தொலையவில்லை, ஓரம்கூட மடங்கவில்லை. எடுக்கும்போது படித்தேன். பூட்டு சரியில்லை என்று ஒருவன், ரொட்டியில் புழு என்று ஒருவன், இறங்கிப் போன நண்பன் திரும்பி வரவில்லை என்று ஒருவன். எது அவர்கள், எது நீ என்று எனக்கும் தெரியவில்லை. ஆறு வருடமாக நீ எனக்கு என்ன எழுதினாய் என்று இப்படித்தான் கொஞ்சமாவது தெரிந்துகொண்டேன்.

எனக்கு இந்த மாதக் கடைசி வரை வேலை. அப்புறம் என்ன என்று இன்னும் தெரியவில்லை. அதற்கு நீ காரணம் என்று எழுத வேண்டும் என்றுதான் இந்த மாதம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத வரவில்லை.

இனி அலுவலகத்துக்கு எழுதாதே. வீட்டு முகவரி உன்னிடம் இல்லை என்பது உறையில் அனுப்புநர் முகவரி எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கீழே தெளிவாக எழுதியிருக்கிறேன். அந்த மூன்று கடிதங்களில் இருந்ததை மறுபடி எழுது. வண்டி வந்த நாளிலிருந்து தொடங்கு. கோந்து ஏன் அழுதான் என்று எழுது. நீ அன்றைக்கு என்ன செய்தாய் என்றும் எழுது.

அதுதான் என்னிடம் இருக்கப்போகும் உன் முதல் கடிதம்.

உன் தம்பி